அம்மோனியா வகுப்பும் சவரிமுத்துவின் மூக்கும்

ராயபுரம் தபால் முத்திரை குத்திய அட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. முத்திரையில் ஆகஸ்ட் மாதம் தெரிகிறது. ஆண்டின் கடைசி எண் மையில் மூழ்கிவிட்டது. 1953 என்று நான் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். அதற்கு முந்தைய ஆண்டு நான் அந்த டுடோரியலில் வேலைக்குச் சேர்ந்திருக்கவில்லை, அடுத்த ஆண்டு அட்டையை எழுதியவர் அங்கே இல்லை. வேறு ஆண்டு பொருந்தாது. அட்டையில் உள்ளது இவ்வளவுதான்:

“திங்கள் முதல் மீள்பார்வை. யாரும் புத்தகம் கொண்டுவர வேண்டாம் என்று போர்டில் எழுதிப் போடவும். அம்மோனியா பாட்டில் இரண்டு, நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்று, கொஞ்சம் பஞ்சு. மற்றவை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.”

இரசாயனம் நடத்த வந்திருக்கும் இளையவர்களான உங்களில் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, அணு எடையில் தொடங்கி மின்பகுப்பு வரை அத்தனையையும் எப்படித் திருப்பிப் பார்ப்பது என்று. எனக்கென்று சொந்த வழி ஒன்றும் கிடையாது. அந்த அட்டையை எழுதிய அம்மாள் செய்ததை முப்பது ஆண்டுக்கு மேல் நானும் செய்துவந்தேன். ஆகவே அவர் செய்ததைச் சொல்கிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. தம் பெயர் அச்சில் வருவதை விரும்பாதவர் அவர். மாணவர்கள் ‘டீச்சரம்மா’ என்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

எங்கள் டுடோரியல் ராயபுரத்தில், ஒரு கோவிலுக்குப் பின்பக்கச் சந்தில் இருந்தது. மாடியில் வகுப்பு. கீழே பரிசோதனைக் கூடம். அது முன்பு உப்புக் கிடங்காக இருந்த இடம் என்பதால் கோடையிலும் சுவர் வியர்த்துக்கொண்டிருக்கும். வருகிறவர்கள் எல்லோரும், பட்டப்படிப்புக்கு முந்தைய இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பான இண்டர்மீடியட் தேர்வில் மார்ச்சில் தவறி, செப்டம்பரில் மறுபடி எழுதுகிறவர்கள். பகலில் துறைமுகம், ரயில்வே, தீப்பெட்டி ஆலை என்று வேலை, மாலையில் எங்களிடம். டீச்சரம்மா ஒரு பெண்கள் பள்ளியில் பகல் வேலை முடித்துவிட்டு, குடையை இடுக்கிக்கொண்டு வருவார். நான் செய்முறைக்கு உதவுகிறவன். பட்டம் வாங்கிய சூடு ஆறாத வயது.

முதல் நாள் அவர் கரும்பலகையில் அம்மோனியா என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டார். “தேர்வு வரைக்கும் இது ஒண்ணுதான் பாடம்” என்றார்.

காதர் பாட்சா எழுந்து நின்றார். தண்டையார்பேட்டைக்காரர், துறைமுகத்தில் மூட்டைகளுக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா. மூன்றாம் முறை எழுதுகிறவர் என்பதால் வகுப்பில் மூத்தவர் என்ற உரிமை அவருக்கு உண்டு.

“டீச்சரம்மா, கொஸ்டின் பேப்பர்ல அம்மோனியா ஒரு கேள்விதான் வரும். மீதிக்கு நாங்க இன்னா பண்றது?”

“மீதியும் இதுக்குள்ள இருக்கு. இல்லேன்னா என் சம்பளத்துல உங்க எல்லாருக்கும் பரீட்சை ஃபீஸ் கட்டறேன்.”

“அப்ப இல்லாமலே போவட்டும்” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார். டீச்சரம்மாவும் சிரித்துவிட்டார்.

அவர் பந்தயத்தில் தோற்கவில்லை. நைட்ரஜன் ஒரு பங்கு, ஹைட்ரஜன் மூன்று பங்கு சேர்ந்து அம்மோனியா இரண்டு பங்கு ஆகிறது என்ற ஒரு வரியிலிருந்து அவகாட்ரோவின் கருதுகோள் வந்துவிட்டது. நான்கு இரண்டாகிறதே, அழுத்தம் கூட்டினால் எந்தப் பக்கம் சாயும் என்பதிலிருந்து வேதிச் சமநிலை. அம்மோனியா ஏன் எளிதில் திரவமாகிறது என்பதில் வாயு விதிகள், மறைவெப்பம். தண்ணீரில் கரைந்தால் ஏன் காரமாகிறது என்பதில் அயனிக் கொள்கை. அதைக் காற்றோடு சேர்த்து எரித்தால் நைட்ரிக் அமிலம். அதற்குள் ஆக்சிஜனேற்றமும் வினையூக்கியும். புத்தகத்தில் முப்பது அத்தியாயங்களாகக் கிடந்தவை ஒரே பொருளின் முப்பது குணங்களாக மாறின. நீங்களும் முயன்று பாருங்கள். எந்தப் பொருளை எடுத்துக்கொண்டாலும் நடக்கும். கந்தக டையாக்சைடில் நான் செய்திருக்கிறேன். ஆனால் உங்கள் மாணவர்கள் வீட்டைச் சுற்றி எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீளக் கண்ணாடிக் குழாய் எதற்கென்று இரண்டாம் வாரம்தான் தெரிந்தது. குழாயின் ஒரு முனையில் அம்மோனியாவில் நனைத்த பஞ்சு, மறுமுனையில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்த பஞ்சு. இரண்டு வாயுக்களும் உள்ளே நடந்து, சந்திக்கும் இடத்தில் வெள்ளை வளையம் உண்டாகும். எங்கே உண்டாகும் என்று டீச்சரம்மா கேட்டார். காதர் உடனே டீ பந்தயம் கட்டிவிட்டார். பாதிப்பேர் நடுவில் என்றார்கள். வளையம் அமிலத்தின் பக்கம் ஒதுங்கி விழுந்தது. கனமில்லாத அம்மோனியா அதிக தூரம் வந்திருந்தது. கனமில்லாத வாயு வேகமாகப் பரவும் என்ற கிரஹாம் விதி முடிந்தது. அப்புறம்தான் அவர் உண்மையான கேள்வியைக் கேட்டார். மூலக்கூறுகள் துப்பாக்கிக் குண்டு வேகத்தில் ஓடுகின்றன என்று போன வாரம் படித்தோமே, ஒரு முழக் குழாயைக் கடக்க ஏன் இவ்வளவு நேரம்?

 காதர்தான் யோசித்துச் சொன்னார்: “மீன் ஏலம் போடற நேரத்துல காசிமேட்ல ஓடிப் பாருங்க டீச்சரம்மா. ஒர்த்தன் மேல மோதி, இன்னொர்த்தன் மேல மோதி, திரும்பி வந்த எடத்துக்கே வந்து நிப்பீங்க.”

“பரீட்சையில இதையே இங்கிலீஷ்ல எழுதுங்க” என்றார் டீச்சரம்மா.

அயனிக் கொள்கைக்கும் காதரே உதவினார். நீரில் கரைந்த அம்மோனியாவில் மிகச் சிறு பங்குதான் அயனியாகிறது என்பதை வகுப்பு மனப்பாடம் செய்து வைத்திருந்தது, விளங்கிக்கொள்ளவில்லை. காதர் அதைத் துறைமுக வாசல் ஆக்கினார். காலையில் கூலிக்கு நூறு பேர் நிற்பார்கள், உள்ளே கூப்பிடுவது ஒரு ஆளை. டீச்சரம்மா அதில் ஒரு திருத்தம் செய்தார். உள்ளே போனவன் அங்கேயே இருந்துவிட்டால் அது சமநிலை இல்லை. அவன் வெளியே வந்துகொண்டே இருக்க வேண்டும், வேறொருவன் போய்க்கொண்டே இருக்க வேண்டும், எண்ணிக்கை மட்டும் மாறக்கூடாது. வகுப்பிலிருந்த துறைமுக ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வாசலை அவர்கள் அறிவார்கள்.

இனி சவரிமுத்து.

அவர் காசிமேட்டுப் பக்கம் ஒரு ஐஸ் ஃபாக்டரியில் இயந்திர அறை உதவியாளர். நிறையப் பேசமாட்டார். இரண்டு மொழிப் பகுதிகளும் தேறியிருந்தன. அறிவியல் பகுதியில் இரசாயனம் மட்டும் இரண்டு முறை காலை வாரியிருந்தது. அதிலும் எழுத்துத் தேர்வில் நல்ல எண்தான். மதிப்பெண் தாளில் செய்முறைதான் கீழே இழுத்திருந்தது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு எண்ணெய்க் கிடங்கில் பரிசோதனைக் கூடத்துக்கு ஆள் எடுக்கப்போவதாக அவருடைய மச்சான் சொல்லியிருந்தார். இண்டர்மீடியட் தேறியிருக்க வேண்டும். வயது வரம்பும் உண்டு. அந்த ஆண்டு முடிந்தால் சவரி அதைத் தாண்டிவிடுவார். ஆகவே இது கடைசி வாய்ப்பு. இதை அவர் யாரிடமும் புலம்பிச் சொல்லவில்லை. ஏன் இவ்வளவு அவசரம் என்று நான் விண்ணப்பம் நிரப்பும்போது கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார்.

செய்முறைத் தேர்வில் ஒரு உப்பைக் கொடுப்பார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலில் அம்மோனியம், பிறகு உலோகங்களைக் குரூப், அதாவது தொகுதி, வாரியாக ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவார்கள். இரண்டு தடவையும் சவரி மக்னீசியம் என்று எழுதியிருந்தார். ஏன் மக்னீசியம் என்று டீச்சரம்மா கேட்டதற்கு, “எல்லா குரூப்பும் பார்த்தாச்சு, ஒண்ணியும் வரல, கடைசில அதுதான் மிச்சம்” என்றார். அவர் ஊகம் செய்து எழுதுகிறார் என்பதுதான் எங்கள் டுடோரியலில் எல்லோருடைய எண்ணமும். டீச்சரம்மா அந்த எண்ணத்தை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. “ஒரு தடவை தப்பினா அவசரம். ரெண்டு தடவை அதே இடத்துல தப்பினா அங்க ஏதோ இருக்கு” என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

ஆகஸ்ட் கடைசியில் மாதிரிச் செய்முறைத் தேர்வு வைத்தோம். எல்லோருக்கும் ஒரே உப்பு, அம்மோனியம் குளோரைடு. யாருக்கும் சொல்லவில்லை. காஸ்டிக் சோடா சேர்த்துச் சூடாக்கினால் அம்மோனியா வாசனை வரும்; முதல் படியிலேயே பிடித்துவிடலாம். காதர் உப்பைத் தாராளமாக அள்ளிப் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டார். நாலா பக்கமும் இருமல். ஜன்னலை நோக்கி ஓடினார்கள். அந்தக் கலவரத்தின் நடுவில் சவரி தம் குழாயை மூக்கருகே பிடித்தபடி நின்றார். நிதானமாக இழுத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

“அம்மோனியம் இல்ல” என்று சொல்லி, தாளில் எழுதப் போனார்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. “மாமு, உன் மூக்க கழட்டி ஐஸ்ல வச்சிட்டு வந்தியா?” என்றார் காதர், இருமலுக்கிடையில்.

டீச்சரம்மா சிரிக்கவில்லை. சவரியின் எதிரே போய் நின்று முகத்தையே பார்த்தார். சவரியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“ஏன் அழறீங்க சவரி?”

“அழல டீச்சரம்மா. கண்ணு எரியுது.”

“எதனால எரியுது?”

சவரி குழாயைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார். அவருக்குப் புரிந்த அந்த நிமிடத்தை நான் பார்த்தேன். சிரிப்பும் அடங்கிவிட்டது.

அம்மோனியாதான் ஐஸ் ஃபாக்டரியின் உயிர். அதை அழுத்தித் திரவமாக்கி, ஆவியாக விட்டுத்தான் தண்ணீரை உறைய வைக்கிறார்கள். இணைப்புகளில் எப்போதும் கொஞ்சம் கசியும். ஆண்டுக்கணக்காக அதற்குள்ளேயே நின்றவருடைய மூக்கு அந்த வாசனையைச் சொல்வதை நிறுத்திவிட்டிருந்தது. சவரிக்குத் தெரியாது, அவரோடு வேலை செய்கிறவர்களுக்கும் அப்படித்தான் என்பதால் வித்தியாசம் தெரிய வழியில்லை. “எங்க மேஸ்திரிக்கு கருவாட்டுக் கொழம்பு கொதிச்சாக்கூட தெரியாது” என்றார். “வூட்ல திட்டிகினே இருப்பாங்களாம்.”

ஆக, இரண்டு தேர்விலும் அம்மோனியம் உப்பு வந்திருக்க வேண்டும். முதல் படியில் அவர் அதைத் தவறவிட்டிருக்கிறார். அதற்குப் பிறகு எந்தத் தொகுதியிலும் எதுவும் அகப்படாது. கடைசியில் மிஞ்சுகிற மக்னீசியத்தை எழுதியிருக்கிறார். இது என் ஊகம். பல்கலைக்கழகத்தில் கேட்டு உறுதிசெய்ததல்ல.

அன்று எனக்குத் தோன்றிய வழி, பல்கலைக்கழகத்துக்கு எழுதிச் சலுகை கேட்கலாம் என்பது. டீச்சரம்மா இரண்டு கேள்வியில் அதை முடித்துவிட்டார்: பதில் எப்போது வரும்? தேர்வுக்கு மூன்று வாரம்கூட இல்லை. வந்தாலும், இரசாயனம் படிக்கத் தகுதியற்றவர் என்று வராது என்பதற்கு என்ன உறுதி? அவர் வேறு முடிவெடுத்தார். எல்லோரையும் உட்கார வைத்து, சவரியிடம் கேட்டார்: ஃபாக்டரியில் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், மூக்குதான் இல்லையே?

“கந்தகக் குச்சி கொளுத்தி ஜாயின்ட் ஜாயின்ட்டா காட்டுவோம். லீக் கீற எடத்துல வெள்ளப் பொகை கிளம்பும்.”

“வளையம் விழுந்த அன்னிக்குக் குழாய்ல பார்த்தீங்களே, அதுவும் வெள்ளைப் புகைதான். அமிலத்துல நனைச்ச கண்ணாடிக் கோலைக் குழாய் வாய்ல காட்டினா அதே புகை வரும். இனிமே உங்க மூக்கு பாக்கெட்டுலயே இருக்கட்டும். கண்ணால முகருங்க.”

அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற சோதனைதான். வாசனையே போதும் என்று யாரும் செய்வதில்லை. டீச்சரம்மாவின் பெருமை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. சவரி கோலை நனைத்துக் குழாயில் காட்டினார், புகை வந்தது, முகம் மலர்ந்தது. “இப்போ வெறுங்குழாய்ல காட்டுங்க” என்றார் டீச்சரம்மா. காலிக் குழாயின் வாயிலும் லேசாகப் புகை வந்தது. கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் அடர் அமிலம் தானாகவே புகையும். சவரியின் முகம் வாடிவிட்டது.

“அப்போ எத நம்பறது?”

“ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை.”

நான் கண்ட ஆசிரியர்களில் மீள்பார்வை வாரங்களில் புதிதாக ஒன்றைக் கற்பிக்கத் துணிந்தவர் அவர் ஒருவர்தான். எஞ்சிய நாள்களில் எல்லோரும், சவரி மட்டுமல்ல, ஒவ்வொரு சோதனையையும் இரண்டு குழாயில் செய்தோம். ஒன்றில் உப்பு, மற்றதில் உப்பைத் தவிர எல்லாம். அம்மோனியா பட்டால் நீலமாகும் சிவப்பு லிட்மஸ் தாளையும் அப்படியே. தாள் கண்ணாடியில் பட்டால் தெறித்த காஸ்டிக்கே அதை நீலமாக்கிவிடும் என்பதால் அந்தரத்தில் பிடிக்கப் பழக்கினார். பாதி உப்பு வீணாகிறது, நேரம் வீணாகிறது என்று காதர் முணுமுணுத்தார். “வெறுங்குழாய்ல என்ன வந்ததுன்னு தெரியாதவன், உப்புக் குழாய்ல வந்ததைப் பத்திப் பேசக்கூடாது” என்று டீச்சரம்மா சொன்னார். இதைக் கடுமையாகச் சொல்லவில்லை. டம்ளரில் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

தேர்வு நாளில் நடந்ததை நான் பார்க்கவில்லை. சவரி சொன்னது, பின்னர் காதர் சொன்னது, இரண்டையும் ஒப்பிட்டு எழுதுகிறேன். இருவரும் ஒரே அணியில் செய்முறை எழுதினார்கள், நகரத்துக் கல்லூரி ஒன்றில். பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டதால் ஜன்னல்களைச் சாத்திவிட்டார்கள். பியூரெட்டில் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் வேலை சவரிக்குச் சுலபமாக முடிந்தது. உப்பை எடுத்தார். அந்த நேரத்தில் பக்கத்து மேசைக்காரர் கை பட்டு அம்மோனியா பாட்டில் சாய்ந்து கொட்டிவிட்டது. துடைத்தார்கள், ஆனால் கூடம் முழுவதும் அது பரவிவிட்டது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சவரிக்கு ஒன்றும் தெரியவில்லை.

பழக்கப்படி முதலில் வெறுங்குழாய். கோலைக் காட்டினார். அடர்ந்த வெள்ளைப் புகை. சிவப்பு லிட்மஸை நனைத்துக் காற்றில் பிடித்தார். எந்தக் குழாயின் அருகிலும் இல்லை, சும்மா காற்றில். ஓரத்திலிருந்து நீலம் ஏறியது. உப்புக் குழாயிலும் புகை, அங்கும் நீலம். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் இல்லை. இந்த நிலையில் இரண்டு பக்கத்து மேசைக்காரர்களும் அம்மோனியம் என்று எழுதி முடித்து அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய உப்பு வேறாக இருந்திருக்கலாம். அதை இங்கே சொல்லிவிடுவது நியாயம்.

நீங்கள் அந்த இடத்தில் நின்று பாருங்கள். இரண்டு முறை அம்மோனியத்தைத் தவறவிட்டுத் தோற்றவர். அதைத் தவறவிடாமலிருக்கவே இத்தனை நாள் பழகியிருக்கிறார். புகை வருகிறது, தாள் நீலமாகிறது, ஊரே அம்மோனியம் என்கிறது. எழுதிவிடத்தான் யாருக்கும் கை போகும். சவரி தேர்வாளரிடம் போய், குழாயை வெளியே வராந்தாவுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டார்.

எதற்கு என்று தேர்வாளர் கேட்டார். உள்ளே காற்றிலேயே அம்மோனியா இருக்கிறது என்றார் சவரி. அதனாலென்ன, குழாயை மூக்கருகே வைத்தால் வித்தியாசம் தெரியாதா, மற்றவர்கள் அப்படித்தானே செய்கிறார்கள் என்றார் அவர். காதர் அப்போது இரண்டு மேசை தள்ளி இருந்தார்.  உண்மையைச் சொன்னால் இவனை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாராம்.

சவரி சொன்னது: “எனக்கு அம்மோனியா வாசனை தெரியாது சார். ஐஸ் ஃபாக்டரில வேல. கண்ணாலதான் பாக்கணும்.”

தேர்வாளர் அவர் கையைப் பார்த்து, காலிக் குழாய் எதற்கு என்று கேட்டார். அது ஒப்பிட என்றார் சவரி. தேர்வாளர் ஒரு பியூனைத் துணைக்கு அனுப்பி, ஸ்பிரிட் விளக்கோடு வராந்தாவுக்குப் போகவிட்டார். அந்தத் தேர்வாளரையும் நான் வியக்கிறேன். விதியில் இடம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தம் முன்னால் நிற்பவன் ஏமாற்றுகிறவன் இல்லை என்பதை ஒரு காலிக் குழாயை வைத்து அவர் முடிவுசெய்தார்.

வராந்தாவில் சாரல். வெறுங்குழாயில் தாள் சிவப்பாகவே இருந்தது. உப்புக் குழாயைச் சூடாக்கினார், தாளைப் பிடித்தார், காத்திருந்தார். அதுவும் சிவப்பாகவே இருந்தது. அம்மோனியம் இல்லை.

திரும்பி வந்து, இழந்த நேரத்தை விரட்டிக்கொண்டு தொகுதி தொகுதியாகப் பார்த்தார். முதல் தொகுதியில் இல்லை, இரண்டாவதில் இல்லை. ஐந்து முடியும் வரை எதுவும் படியவில்லை. மிஞ்சியது மக்னீசியம்.

“அங்கியே நின்னுட்டேன் டீச்சரம்மா” என்று அவர் பிறகு சொன்னார். “மறுபடி அதே பேரு. மூணாவது வாட்டியும் அதையே எழுதப்போறனா, நமக்கு அதான் விதியான்னு பேஜாராப் பூட்ச்சு.”

மக்னீசியம் இருந்தால் அதை வெள்ளைப் பொடியாகப் படியவைக்கும் பாஸ்பேட் கரைசலைச் சேர்த்தார். குழாய் தெளிவாக இருந்தது. கோலால் உள்சுவரைச் சுரண்டினார். பக்கத்தில் உப்பில்லாத குழாயிலும் அதே கரைசல்கள், அதே சுரண்டல். மணி அடிக்கும் முன் உப்புக் குழாயில் சுரண்டிய கோடுகளின் மேல் வெள்ளையாகப் பொடி படிந்தது. மற்றது தெளிவாகவே நின்றது. மக்னீசியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்று மாலை நனைந்துகொண்டே டுடோரியலுக்கு வந்தார். காதர் அதற்கு முன்பே எங்களுக்குக் கதையைச் சொல்லியிருந்தார், நடித்தும் காட்டியிருந்தார். நான் பதறிப்போய், அம்மோனியம் இல்லை என்றா எழுதினீர்கள், மக்னீசியமா என்று கேட்டேன். டீச்சரம்மா என்னைக் கையமர்த்தினார்.

“வராந்தாவுல, வெறுங்குழாய்ல என்ன வந்தது?”

“செவப்பு, டீச்சரம்மா. அப்டியே இருந்துச்சு.”

“பாஸ்பேட்ல?”

“அதுலயும் வெறுங்குழாய் சுத்தமா இருந்துச்சு.”

“அப்போ நீங்க எழுதினது சரி. விடை தப்பா இருந்தாலும் சரி” என்றார். எனக்கு அந்த வாக்கியம் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. ஈரச் சட்டையோடு நிற்காதீர்கள், காய்ச்சல் வரும் என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பினார். சவரியின் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்த இடத்தில் அவர் ஆறுதல் சொல்லவில்லை, வாழ்த்தவும் இல்லை. வேலை ஒழுங்காக நடந்ததா என்று மட்டும் பார்த்தார். சவரி நிம்மதியாகப் போனார் என்பதை நான் பார்த்தேன்.

முடிவு பத்திரிகையில் எண்களாக வந்தது. சவரியின் எண் இருந்தது, காதரின் எண்ணும் இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சவரி எண்ணெய்க் கிடங்கின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்துவிட்டார். சேர்ந்த அன்று அவர் கொண்டுவந்த ஜாங்கிரியை டீச்சரம்மா எல்லோருக்கும் பாதி பாதியாகப் பிய்த்துக் கொடுத்தார்.

நண்பர்களே, நீங்கள் மீள்பார்வை எடுக்கும்போது, ஒரே இடத்தில் இரண்டு முறை தவறுகிற மாணவன் இருந்தால் அவன் எழுதியதைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அவன் எங்கிருந்து வருகிறான், நாள் முழுதும் எதன் நடுவே நிற்கிறான் என்று பாருங்கள். நான் டீச்சரம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டது அதுதான்.

பதிவுக்காக ஒன்று. மதிப்பெண் தாளில் செய்முறைக்கு ஒரே எண்தான் இருக்கும். பியூரெட்டுக்கு எவ்வளவு, உப்புக்கு எவ்வளவு என்று பிரித்துத் தரமாட்டார்கள். பியூரெட்டின் பலத்திலேயே சவரி தேறியிருக்கக்கூடும். அன்று அவருக்குக் கொடுத்த உப்பு எது என்பதை நான் பலரிடம் விசாரித்தேன். அந்தக் கல்லூரியில் அப்போது இருந்த ஒருவர் மக்னீசியம் சல்ஃபேட் என்றார், இன்னொருவர் நினைவில்லை என்றார். அந்த உப்பில் மக்னீசியம் இருந்ததா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.